கடைசி நான்கு வரிசைகள்

வெர்னா டெஸ்மர் கிளை கழித்துக் கவாத்துச் செய்த திராட்சைக் கொடியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாலும் வெட்டு கையில் தட்டாது. கிளையைத் தண்டோடு ஒட்டி, சவரம் செய்த கன்னம் மாதிரி வழித்து எடுத்துவிடுவாள். டெஸ்மர் வீட்டு வெட்டு என்றால் அதுதான். ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கில் மற்ற வீட்டுக்காரர்கள்கூட வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் அண்ணன் கெர்ஹார்டின் வெட்டு வேறு மாதிரி. வெட்டிய இடத்திலெல்லாம் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி துருத்திக்கொண்டு நிற்கும். "தொப்பி மாட்டறதுக்கா இதை விட்டு வெச்சிருக்க?" என்று அவர்கள் அப்பா கேட்பாராம். அப்பா போன பிறகு அந்தக் கேள்வியை வெர்னா கேட்டாள். கெர்ஹார்ட் பதில் சொல்கிற ஆள் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவான், அங்கேயும் குச்சி விடுவான்.

அவர்களுடைய நிலத்தில் பல தோட்டங்கள் உண்டு. ஆனால் 'முதல் தோட்டம்' என்று சொன்னால் ஒன்றுதான். 1853இல் யோஹான் காட்லீப் டெஸ்மர் நட்ட முப்பத்தெட்டு வரிசை ஷிராஸ், சிவப்பு ஒயினுக்கான கறுப்புத் திராட்சை. ஒவ்வொரு கொடியும் ஆள் இடுப்பு கனத்துக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தோட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. டெஸ்மர் ரத்தம் ஓடாத கை அங்கே கத்தரி வைக்கக் கூடாது. அறுவடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மருமகள், மருமகன், கூலிக்காரன் யாரும் கவாத்துக்கு வரக் கூடாது. இதை யோஹான் காட்லீப் சொன்னாரா, அவருக்குப் பின்னால் வந்த எவராவது சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் லூதரன் முன்னோர்கள் கொண்டுவந்த சாமான்களில் பைபிளும் பிடிவாதமும்தான் உடையாமல் வந்து சேர்ந்தன.

1987இல் ஷிராஸை யாரும் சீந்தவில்லை. ஊரே வெள்ளை ஒயின் குடித்துக்கொண்டிருந்தது. பழைய கொடியைப் பிடுங்கிப் போடுகிறவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வேரோடு குவித்து எரிக்கிற புகை. முதல் தோட்டத்தையே இரண்டு வருடமாகக் கவாத்துச் செய்யாமல் போட்டுவிட்டிருந்தான் கெர்ஹார்ட். ஜூன் மாதம், எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கிய ஒரு காலை, சமையலறையில் ரொட்டியின் மேல் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியை அரிந்து வைத்துக்கொண்டே சொன்னான்.

"முதல் தோட்டத்துக்கும் கையெழுத்து போட்டுட்டேன், வெர்னா."

வெர்னாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பாள், மற்ற ஆறு நாளும் கொடிகளோடுதான். கையிலிருந்த காபிக் கோப்பையை அவள் கீழே வைக்கவில்லை.

"பெரிய தாத்தாவோட தாத்தா நட்டது அண்ணே அது."

"அவர் போய் நூறு வருஷம் ஆச்சு. அவரா எந்திரிச்சு வந்து பழம் வாங்கப் போறாரு? போன வருஷம் மொத்தமும் பறவைதான் தின்னுச்சு."

"பறவையாவது தின்னுச்சே. நீ கொலை பண்ணப் பாக்கற."

"கொலையா! காட்டுத்தனமா வளந்து கெடக்குடி. ரம்பம் வெச்சு அறுத்தாத்தான் உருவம் வரும். யாரு செய்யறது? எனக்கு முழங்கால் போச்சு. வெளியாள விடலாம்னா நீயே குதிப்ப."

"நான் செய்யறேன்."

"முப்பத்தெட்டு வரிசையுமா?"

"முப்பத்தெட்டும்."

கெர்ஹார்ட் கத்தியைத் துடைத்தான். அவனுக்கும் கோபம் வந்திருந்தது. "சரி. ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் உனக்கு டைம். அன்னிக்கு ஒரு வரிசை பாக்கி இருந்தாலும் மறுநாள் புல்டோசர் வரும். அப்புறம் அழக் கூடாது."

"அழறவளா நான்?" என்றாள் வெர்னா.

அந்த வருடம் பெய்த மழை மாதிரி எங்கள் பக்கம் பெய்வது அபூர்வம். வறண்ட ஊரில் மழையை யாரும் திட்ட மாட்டார்கள். மழைக்காக வேலையை நிறுத்துகிறவனைத்தான் திட்டுவார்கள். வெர்னா தலைக்கு ஒரு எண்ணெய்த் துணித் தொப்பி, காலுக்கு ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ரம்பம், கையில் கத்தரி என்று விடிந்ததும் இறங்கினால் இருட்டும் வரை ஏற மாட்டாள். வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் புளியாரைப் பூ கணுக்கால் உயரத்துக்குப் பூத்துக் கிடந்தது, அதை மிதித்து மிதித்துச் சேறாக்கினாள். இரண்டு வருடம் தறிகெட்டு வளர்ந்த கைகளை, தண்டிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் பெரிய கிளைகளை, ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. சின்னச் சின்ன வெட்டு இல்லை, ஒவ்வொன்றும் தட்டு அகலம். அதையும் அவசரத்தில் அரைகுறையாக விடவில்லை. ஒவ்வொரு வெட்டையும் தண்டோடு வழித்தாள். மழை அந்த வெட்டுகளைக் கழுவிவிட்டுப் போனது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் கெர்ஹார்ட் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி வரிசை முனைக்கு வந்தான்.

"மழை விடட்டும் வெர்னா. வீட்டுக்கு வா."

"எதுக்கு? நாள் ஓடட்டும்னா?"

"அடியே, உதடு நீலமா இருக்கு. மழை விடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"உன் தந்திரம் எனக்குத் தெரியாதா? போண்ணே. போய் உன் புல்டோசர்காரனுக்குக் காபி போட்டு வை."

அவன் குடையை அந்த வரிசையின் முதல் கம்பத்தில் கட்டிவைத்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பிப் போனான். அவள் அந்தக் குடையைத் தொடவே இல்லை.

ஜூலை இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை, காய்ச்சலோடுதான் இறங்கினாள். கொடி கட்டும் கம்பி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதே மறந்து போனது. முகம் சேற்றில் பட்டபோது சில்லென்று சுகமாக இருந்தது என்று பின்னால் சொல்வாள். அடுத்து அவளுக்கு நினைவு தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். நிமோனியா. ஐந்து நாள் போயிருந்தது. கெர்ஹார்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தோட்டம்?" என்றாள்.

"முடிச்சுட்டியே. கடைசி வரிசைலதான் விழுந்து கெடந்த. நீ ஜெயிச்சுட்ட, போ."

"புல்டோசர்?"

"வேண்டாம்னு சொல்லியாச்சு."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்தைப் பார்க்கப் போனாள். முப்பத்தெட்டு வரிசையும் வெட்டி, கம்பியில் கட்டி நின்றன. வாசலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே நடக்கிற தெம்பு இல்லை. அந்த வசந்தத்தில் கொடிகளெல்லாம் தழைத்து மூடிவிட்டன.

அப்புறம் உலகம் புரண்டு படுத்தது. ஐந்தாறு வருடத்தில் கிழட்டுக் கொடி ஷிராஸ் என்றால் லண்டனிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தார்கள். ஒயினை கெர்ஹார்டின் மகள் லியோனி செய்தாள். கெட்டிக்காரி, அதிகம் பேசாதவள். வந்தவர்களுக்குக் கதை சொல்கிற வேலை வெர்னாவுக்கு. சலிக்காமல் சொல்வாள். சொல்லி முடிக்கும்போது, மேஜையின் அந்தக் கோடியில் சதகுப்பைக் கீரை போட்ட வெள்ளரி ஊறுகாயைத் தின்றுகொண்டிருக்கும் அண்ணனைக் கை காட்டுவாள்.

"அதோ, கொலைகாரன். பாவம், பார்வைக்கு அப்படித் தெரியாது."

எல்லோரும் சிரிப்பார்கள். கெர்ஹார்டும் சிரிப்பான். சில நாள் எழுந்து வெளியே போய்விடுவான். விருந்தாளிகள் வருவதற்கு முன்பிருந்தே அவள் வாயில் அந்தப் பேர்தான், மொத்தம் ஒன்பது வருடம். குத்தலாகத்தான் ஆரம்பித்தாள், போகப் போக அது அவன் பெயராகவே ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் அட்டையில்கூட 'அன்புள்ள கொலைகாரனுக்கு' என்று எழுதினாள்.

1996 பிப்ரவரியில், அறுவடை நடுவில், டிராக்டரிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கெர்ஹார்ட் போய்விட்டான். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காபியும் கேக்கும் வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் இறுக்கம் தளரட்டும் என்று யாரோ கேட்க, வெர்னா அங்கேயும் அந்தக் கதையைச் சொன்னாள். "மேல போய் காட்லீப் தாத்தாகிட்ட என்ன பதில் சொல்றானோ கொலைகாரன்!" என்று முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். லியோனி மட்டும் தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். துக்கத்தில் போகிறாள் என்றுதான் வெர்னா நினைத்தாள்.

அதற்கு அடுத்த வசந்தங்களில் முதல் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர் கூம்பிப்போனது. இலை மஞ்சளாக, பொத்தான் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். வெர்னா வறட்சி என்றாள். 1999 அக்டோபரில் வறட்சி என்று சொல்ல வழியில்லாமல் போனது. பாதித் தோட்டம் ஒற்றைக் கையோடு நின்றது. லியோனி அடிலெய்டிலிருந்து பாஸ்கோ என்ற கொடி நோய் நிபுணரை வரவழைத்தாள்.

பாஸ்கோ வாட்டசாட்டமான ஆள், மெதுவாகப் பேசுவார். மூன்றாவது வரிசையில் செத்துப் போயிருந்த ஒரு கையை ரம்பத்தால் அறுத்து, வெட்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிர் கட்டைக்கு நடுவே, கேக் துண்டு போட்ட மாதிரி, முக்கோணமாகப் பழுப்புக் கறை.

"கை சாகற நோய். பூஞ்சை. மழைத் தண்ணில கலந்து வரும், புது வெட்டு வழியா உள்ள போகும். வருஷக்கணக்குல சத்தமில்லாம கீழ இறங்கும். வெளிய தெரியறப்போ உள்ள பாதி முடிஞ்சிருக்கும்."

அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் கட்டை வளையங்களை எண்ணினார். வெர்னாவும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பன்னண்டு. எண்பத்தேழு குளிர்காலம். அன்னிக்குப் பெரிய பெரிய வெட்டா விழுந்திருக்கு. அந்த வருஷம் மழையா?"

பாஸ்கோ வெட்டு முகத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"மழைலயே நின்னு வெட்டியிருக்காங்க. அதுவும் எவ்வளவு ஒட்டி வழிச்சிருக்காங்க பாருங்க! கொஞ்சம் குச்சி விட்டிருந்தாக்கூட, அது தண்டுக்கு வந்து சேர நாளாகியிருக்கும். வெறகு வெட்டறவனை விட்டு வெட்டியிருக்காங்க போல."

"நான்தான் வெட்டினேன்" என்றாள் வெர்னா.

பாஸ்கோவின் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க மிஸ் டெஸ்மர். அப்போ இதெல்லாம் யாருக்கும் தெரியாது."

"மழை விடட்டும்னு ஒருத்தன் சொன்னான். எனக்குத்தான் காது அடைச்சிருந்துச்சு."

மருந்து இல்லை என்றார் அவர். கறை இறங்கிய இடத்துக்குக் கீழே தண்டை அறுக்க வேண்டும். நல்ல கட்டை தென்பட்டால் அடியிலிருந்து புதுக் கிளை கிளம்பும். கறை மண் வரைக்கும் போயிருந்தால் பிடுங்கி எரிக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில், மழை இல்லாத நாளாகப் பார்த்து.

"ஆள் வெச்சுக்கலாம் அத்தை. சட்டமாவது ஒண்ணாவது. உங்களுக்கு அறுபத்திரண்டு ஆகப்போகுது" என்றாள் லியோனி.

"நான் வெட்டினது. நானே அறுக்கறேன்."

2000 ஆகஸ்டில் வெர்னா விசை ரம்பத்தோடு முதல் வரிசையில் இறங்கினாள். அறுப்பாள், குனிந்து பார்ப்பாள், கறை. இன்னும் ஒரு சாண் கீழே அறுப்பாள், கறை. மண்ணை ஒட்டி அறுத்தாலும் கறை. நூற்று நாற்பத்தேழு வருடம் நின்ற கொடி. லியோனி பின்னாலேயே வந்து, பிழைக்கிறதுக்கு வெள்ளை நாடாவும் பிடுங்க வேண்டியதற்குச் சிவப்பு நாடாவும் கட்டினாள். பத்தாவது வரிசைக்கு வருவதற்குள் சிவப்பு நாடா தீர்ந்துபோய், கடைக்குப் போய் வாங்கி வந்தாள். ஒரு நாள் லியோனி, பிழைக்கிற கொடிகளிலிருந்து செய்யப்போகும் ஒயினுக்கு 'வெர்னா' என்று பெயர் வைக்கப்போவதாகச் சொன்னாள். ஏற்கெனவே முடிவு செய்ததுதான், லேபிள்கூட வரைந்தாகிவிட்டது.

"என் பேரை அந்தச் சிவப்பு நாடால எழுது" என்றாள் வெர்னா. ரம்பத்தை மறுபடி முடுக்கினாள்.

முப்பத்துநான்காவது வரிசையின் பாதியை ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டினாள். பாதிக்கு மேல் ஒரு கொடியை அறுத்தாள். கறை இல்லை. கட்டை நெடுக வெண்ணெய் நிறம். தற்செயல் என்று நினைத்தாள். அடுத்ததும் சுத்தம். அதற்கடுத்ததும். ரம்பத்தை நிறுத்திவிட்டு, அறுக்காமலே ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டு போனாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. எல்லாம் இரண்டு கையோடும் நின்றன. ஒவ்வொரு வருடமும் இந்த வரிசைகளில் சின்னக் கிளைகளை அவளேதான் வெட்டிவந்தாள். ஆனால் அறுவை வெட்டுகள் இருக்கும் அடிப்பக்கத்தை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. ஜெயித்தவள் எதற்குப் பார்க்க வேண்டும்?

இப்போது சேற்றில் மண்டியிட்டுப் பட்டையை உரித்துப் பார்த்தாள். தண்டின் அடிப்பக்கம், பட்டைக்குள் புதைந்து, சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அடுத்த கொடியிலும் ஒரு குச்சி. தொப்பி மாட்டலாம்.

அவள் தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். லியோனி நாடாச் சுருளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் வெர்னா, திரும்பாமல்.

"தெரியும் அத்தை."

"எப்போலேந்து?"

"அப்பவே. நீங்க முப்பத்துநாலுல பாதில விழுந்து கெடந்தீங்க. அப்பாதான் தூக்கிட்டு வந்தாரு. அன்னிக்கே புல்டோசர்காரனுக்கு போன் பண்ணி வராதேன்னாரு. மழை விட்டப்புறம் ஆகஸ்ட்ல முழங்காலுக்குத் துணி சுத்திக்கிட்டு ஒத்தையா வந்து வெட்டினாரு. ரெண்டு வாரம் வெயிலடிச்சுது. நான்தான் சாப்பாடு கொண்டு வந்து குடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு. 'அவ ஜெயிச்சதா நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வரட்டும். அதுதான் அவளைப் பொழைக்க வைக்கும்'னாரு."

"அப்புறம்? ஒம்பது வருஷம் நான் அவனை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டேனே. அப்பக்கூடவா?"

"ஒருநாள் கேட்டேன். 'சொல்லிட்டுப் போறா, அவளுக்கு வேற என்ன இருக்கு'ன்னாரு."

வெர்னா அழுகிறவள் இல்லை என்று ஊரே சொல்லும். அன்று அழுதாள். அந்தக் குச்சியைக் கையால் பொத்திக்கொண்டு, மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுதாள். பெட்டியை இறக்கிய அன்றுகூட அவனைக் கொலைகாரன் என்று சொல்லி நாற்பது பேரைச் சிரிக்க வைத்திருந்தாள். அதை இனி யாரிடம் போய்த் திருப்பிச் சொல்வது? லியோனி பக்கத்தில் உட்கார்ந்தாளே தவிரத் தொடவில்லை. தொட்டிருந்தால் வெர்னா உதறியிருப்பாள், அது அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து வெர்னா எழுந்தாள். ரம்பத்தை ஓரமாக வைத்தாள். கெர்ஹார்டின் வரிசைகளுக்கு அறுவை தேவையில்லை, வழக்கமான கவாத்துதான். கத்தரியை எடுத்து முதல் கிளையைப் பிடித்தாள். பழக்கத்தில் கை தண்டை ஒட்டியே போனது. இழுத்து, கட்டைவிரலை வைத்து அளந்து, அதற்கு மேலே வெட்டினாள். அடுத்ததற்கும் விரலை வைத்தாள். ஐம்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியவள், ஒவ்வொரு வெட்டுக்கும் அளந்தாள்.

ஐந்து கொடி முடிவதற்குள் மேற்கே கறுத்தது. முதல் தூறல் அவள் புறங்கையில் விழுந்தது. அவளைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வாள். லியோனியும் அப்படி நினைத்துத்தான் மழைக்கோட்டை எடுக்கப் போனாள்.

வெர்னா கத்தரியை மடக்கிப் பையில் போட்டாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் நாலு வரிசையும் அப்படியே இருக்கே அத்தை."

"இருக்கட்டும்" என்றாள் வெர்னா. "மழை விடட்டும்."